கையெழுத்தும் பட்டியலும்

யூதக் கச்சேரிப் பாடகர்கள் கையெழுத்திட்ட பழைய வினைல் இசைத்தட்டுகளைச் சேகரித்து வருகிறேன். இதில் ‘யூத’ என்ற சொல்லுக்கு என்ன வேலை? ஷூபர்ட்டையும் வெர்டியையும் பாடிய குரலைப் பிறப்பைக் கொண்டு பிரித்தெடுப்பது ரசனையின் காரியமல்ல. அப்படிப் பிரித்தெடுத்தவர்கள் எனக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். 1940-ல் பெர்லினில் ஸ்டெங்கல், கெரிக் என்ற இருவர் இசைத்துறையிலிருந்த யூதர்களுக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டனர். யாரை ஒதுக்க வேண்டும் என்று புரட்டிப் பார்த்துக்கொள்ள, அகர வரிசையில் பெயர்கள். என் அலமாரியும் அகர வரிசையில்தான் இருக்கிறது.

அவர்கள் வெறுத்தார்கள், நான் நேசிக்கிறேன் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் செயலின் உருவம் ஒன்றாக இருக்கும்போது நோக்கத்தை மட்டும் சாட்சிக்கு அழைப்பது போதாது. வித்தியாசம் பொருளிலேயே இருந்தாக வேண்டும்.

பட்டியலில் பெயரை எழுதுவது பிறர் கை. 1938 ஆகஸ்டில் ஜெர்மனியில் ஓர் ஆணை வந்தது. அரசு அங்கீகரித்த யூதப் பெயர் இல்லாத யூத ஆண்கள் தம் பெயரோடு ‘இஸ்ரேல்’ என்றும், பெண்கள் ‘ஸாரா’ என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1939 ஜனவரியிலிருந்து அமல். ஒருவன் தன் பெயரை எழுதும்போதே அரசின் கையும் உடன் எழுதியது. தட்டின் உறைமேல் இருப்பது வேறு. நியூயார்க்கில் பிறந்த ஜான் பியர்ஸின் இயற்பெயர் ஜோஷுவா பிங்கஸ் பெரல்மூத். பெயர் மாறியதில் மேடையின் நிர்ப்பந்தம் இல்லாமலில்லை. ஆனாலும் உறைமேல் அதை எழுதியது அவர் கை. ஜெப ஆலயப் பாடல்களையும் அவர் தட்டில் பாடியிருக்கிறார். தன்னை யூதன் என்று அவரே சொல்லிக்கொண்ட இடம் அது. அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

இந்தச் சமாதானத்தோடு நின்றுவிட முடியவில்லை. பியர்ஸ் பிறந்த அதே 1904-ல் புக்கோவினாவில் பிறந்தவர் ஜோசஃப் ஷ்மிட். அவரும் டெனார். பெர்லின் வானொலி அவரைப் பிரபலமாக்கியது. 1933-ல் நாஜிகள் வந்ததும் அங்கே அவருக்கு இடமில்லாமல் போயிற்று. ஸ்விட்ஸர்லாந்தில் கீரன்பாட் முகாமில் வைக்கப்பட்ட அகதியாக 1942 நவம்பரில் இறந்தார். வயது 38. கொலம்பியா கம்பெனி நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டை வெளியிட்டது 1948-ல். ஷ்மிட்டின் குரல் அதில் ஏறியது அவர் போன பிறகு. அவர் கையெழுத்துள்ள அத்தகைய தட்டு என்று யாராவது விற்றால் அது போலி.

ஆக, கையெழுத்துள்ள வினைல் என்பது உயிரோடிருந்தவர்களின் பொருள். கையெழுத்துக்காகச் சந்தை கேட்கும் அதிகப்படி விலையில், பாடகன் எந்த ஊரில் பிறந்தான் என்ற தற்செயலும் சேர்ந்திருக்கிறது. கையெழுத்து இருந்தால்தான் வாங்குவேன் என்கிற சேகரிப்பாளன், தன்னை அறியாமல், ஷ்மிட்டை மறுபடியும் வெளியே நிறுத்துகிறான்.

ஷ்மிட்டின் தட்டும் என் அலமாரியில் அகர வரிசைப்படி அதற்குரிய இடத்தில் இருக்கிறது. உறையில் எதுவும் எழுதப்படவில்லை. ‘யூத’ என்ற சொல்லை என் சேகரிப்பின்மேல் வைத்துக்கொள்ள எனக்கு ஏதேனும் நியாயம் இருந்தால், அது அந்த வெற்றிடத்திலிருந்துதான் வருகிறது.