அப்பாவின் மாயையும் மூன்று நாணயங்களும்

"காசு மாயைடா" என்பார் அப்பா. வேதாந்த வகுப்புக்குப் போய்வந்த மாலைகளில் இந்த வசனம் தவறாது. மறுநாள் காலை கீரைக்காரம்மாவிடம் ஓரணாவுக்கு அரைமணி நேரம் வாதாடுவார். 1957இல் நயா பைசா வந்து வெகுகாலம் ஆன பிறகும் இருபத்தைந்து பைசா அவருக்கு நாலணாதான். பெயர் மாறியும் கீரைக்கட்டு மாறவில்லையே, அப்படியானால் காசில் என்ன இருக்கிறது என்பார்.

கல்லூரியில் முப்பது ஆண்டு இயற்பியல் நடத்திய எனக்கு, அவருக்கான பதில் ஓய்வுபெற்ற பிறகுதான் கிடைத்தது. சிங்கப்பூர் தேக்காவில் மகளுக்காகக் காத்திருந்தபோது, ஒரு பணமாற்றுக் கடையின் பலகையில்.

கணக்குக்காக எளிய எண்கள்: 60 ரூபாய்க்கு ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒரு வெள்ளிக்கு 3.5 மலேசிய ரிங்கிட், ஒரு ரிங்கிட்டுக்கு 18 ரூபாய். ஒரு சுற்று வந்தால் 60 ரூபாய் 63 ஆகிறது. நாளைக்கே ரூபாயில் ஒரு சைபரை வெட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். (அர்ஜென்டினா 1992இல் நான்கு சைபர்களை வெட்டி, 10,000 ஆஸ்திரலுக்கு ஒரு பெசோ தந்தது.) வெள்ளி 6 ரூபாய், ரிங்கிட் 1.80. ரூபாய் எண்கள் எல்லாம் மாறிவிட்டன. சுற்றில் கிடைத்த நூற்றுக்கு ஐந்து அப்படியே நிற்கிறது.

காந்தப்புலமும் இப்படித்தான். அதன் கணக்கில் வரும் சில எண்களை இடத்துக்கு இடம் நம் வசதிப்படி மாற்றி எழுதலாம். ஒரு சுற்று வந்தபின் மிஞ்சுவது மட்டும் மாறாது. அந்த மிச்சம்தான் புலம். நாணய மாற்றைக் கொண்டு இதை அழகாக விளக்கியவர் புவனோஸ் அயர்ஸில் பிறந்த இயற்பியலர் ஹுவான் மல்டசேனா. ஆஸ்திரல் செத்த நாட்டுக்காரருக்கு இது தோன்றியதில் வியப்பில்லை.

ஆக, அப்பா சொன்னது பாதி சரி. தனி ரூபாய்க்கென்று ஒரு மதிப்பு கிடையாது. பலகையின் எந்த ஒற்றை எண்ணும் நாம் வைத்த பெயர்தான். சுற்றின் மிச்சத்தைப் பெயர் மாற்றி அழிக்க முடியாது. அதுவும் மாயை என்றால் காந்தப்புலத்தால் ஓடும் மின்விசிறி சுற்றக்கூடாது. எதற்கும் தன்னியல்பு இல்லை, எல்லாம் சார்பில்தான் என்ற பௌத்தத் தத்துவஞானி நாகார்ஜுனர் இங்கே எனக்கு அப்பாவின் வேதாந்தச் சங்கரரைவிட நெருக்கமாகப் படுகிறார். அந்த மிச்சத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள அவர் விடமாட்டார் என்பது வேறு விஷயம். நிஜச் சந்தையிலும் அது நிலைக்காது. வாரிக்கொள்ள ஆள் ஓடிவர, விகிதங்கள் சரியாகிவிடும்.

தேக்காப் பலகையின் எண்களை அன்று பெருக்கிப் பார்த்தேன். வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. சுற்றி வந்த பணம் குறைந்துதான் திரும்பியது. அந்தக் குறைவுதான் கடைக்காரரின் கமிஷன்.