உன் தலைக்கு உன் காடு போதும்!

கொல்லிமலை எடப்புளி நாட்டுத் தங்கச்சியே, உன்னிடம்தான் பேசுகிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சமவெளிக் கல்லூரியில் கால் வைத்ததும், தலையில் அரப்பு வாசம் அடிக்குமோ என்று கூசுகிறாயே, ஏன்? அதைப் பட்டிக்காட்டு வாசம் என்று சொன்னவன் யார்? அவனை நீ ஏன் நம்பினாய்?

கடையில் அடுக்கியிருக்கும் ஷாம்பு புட்டிகளைப் பார். சீயக்காய், செம்பருத்தி, வெந்தயம் என்று படம் போட்டிருக்கும். உன் மலைச்சரிவில் முள்ளோடு படர்ந்து கிடக்கிற சீயக்காய்க் கொடியைப் படமாக அச்சடித்து உன்னிடமே விற்கிறார்கள். கூசிக்கொண்டே நீயும் வாங்குகிறாய்!

ஷாம்பு பாக்கெட்டின் கதையிலேயே உனக்கு ஒரு பாடம் இருக்கிறது. கடலூர் சின்னி கிருஷ்ணன், ஏழைக்கும் எட்டும் விலையில் சிறு பாக்கெட்டுகளில் பொருளை அடைத்து விற்கக் கனவு கண்டவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் வெறும் 15,000 ரூபாயை முதலாகப் போட்டுத் தொழில் தொடங்கினார். அவருடைய சிக் ஷாம்பு குக்கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்தது. பின்னாளில் அதே நிறுவனம் மீரா என்ற பெயரில் சீயக்காய்த் தூளும் விற்றது. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். அவருக்குக் கையில் பணம் மட்டும் இருந்தது. உனக்கோ காடே இருக்கிறது, துணிவுதான் வரவில்லை.

பாக்கெட்டை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டிய அடுக்கு அது. பிரித்தெடுப்பது கடினம் என்பதால் பழைய சாமான் எடுப்பவர்கூட அதைத் தொடுவதில்லை. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசு தடை செய்த, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலிலும் ஷாம்பு பாக்கெட் இல்லை. ஆகாய கங்கை அருவியில் குளிப்பவர் கிழித்துப் போட்டால், ஐயாறு அதை அடிவாரம் வரை சுமக்க வேண்டியதுதான். சட்டம் வந்து தடுக்கும் என்று காத்திராதே. நீ நிறுத்து!

செய்முறை உன் பாட்டிக்குத் தெரியும். அடிவாரக் கரட்டில் நிற்கும் உசிலை மரத்தின் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்தால் அரப்பு. வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும், தலையும் குளிரும். சீயக்காயைக் கொட்டை நீக்கிக் காயவைத்து, பாசிப்பயறும் வெந்தயமும் காய்ந்த செம்பருத்தி இலையும் சேர்த்து மில்லில் அரை. சூடு ஆறிய பிறகு டப்பாவில் போடு. இல்லையென்றால் கட்டி பிடிக்கும். நுரை குறைவாக வருகிறதே என்று கலங்காதே. அழுக்கை எடுப்பது காயிலுள்ள சப்போனின்; நுரையின் அளவு சுத்தத்தின் அளவு அல்ல. முதல் சில வாரங்கள் முடி பிசுபிசுக்கலாம், பொறுத்துக்கொள். கண்ணில் பட்டால் எரியும், கவனம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இயற்கை என்பதற்காக ஓடையில் இறங்கித் தேய்க்காதே. சப்போனின் மீனுக்கு நஞ்சு. வீட்டில் குளி, அந்தத் தண்ணீரை வாழைக்குத் திருப்பு.

தம்பி, நீயும் கேள். 2006 வன உரிமைச் சட்டம், பரம்பரையாகச் சேகரித்துவரும் சிறுவனப் பொருள்களின் மீது உன் மக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. சேகரிக்க, பயன்படுத்த, விற்க, மூன்றுக்கும் உரிமை! உரிமையோடு பொறுப்பும் வரும்: கிளையை வெட்டாமல் காயை மட்டும் பறி. கொடிக்கு அடுத்த ஆண்டும் காய்க்க உயிர் வேண்டும்.

அக்காமார்களைக் கூட்டுங்கள். இந்தப் பருவத்திலேயே ஒரு சிப்பம் அரைத்து, காகிதப் பையில் கட்டி, மேலே எடப்புளி நாடு என்று பெரிதாக எழுதிச் சோளக்காடு சந்தைக்குக் கொண்டுபோங்கள். விலையை நீங்களே சொல்லுங்கள்!