பார்க்காதது எல்லாம் இல்லாததா?

தாம்பரம் கோர்ட்டில் சாட்சியம் தட்டச்சு செய்தே எனக்குத் தலை நரைத்தது. சேலையூர் மனைத் தகராறு ஒன்றில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கூண்டேறி, "கிரயப் பத்திரம் இருக்குன்னு அவரு சொல்வாருங்கய்யா, நான் கண்ணால பார்த்ததில்ல" என்றார். வாதத்தின்போது எதிர்த்தரப்பு வக்கீல் அதையே "பத்திரமே கிடையாது" என்று திருப்பிவிட்டார். பெரியவர் அப்படிச் சொல்லவில்லை.

இந்தத் திருப்பம் பழையது. 1698 ஜனவரியில் கேப்டன் வில்லியம் கிட் நம் மேற்குக் கடலில் குவேடா மெர்ச்சன்ட் என்ற கப்பலைப் பிடித்தார். சரக்கு ஆர்மீனிய வியாபாரிகளுடையது. பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க அவரிடம் இங்கிலாந்து அரசரின் உத்தரவு இருந்தது. இந்தக் கப்பலிலும் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு இருந்தது, எனவே பிடித்தது முறைதான் என்றார். 1701 மே மாதம் லண்டனில் விசாரணை. அவருடைய பழைய ஆட்களான மாலுமி ஜோசப் பாமரும் வைத்தியர் பிராடின்ஹாமும் மன்னிப்புப் பெற்றுக்கொண்டு அரசுத் தரப்பில் நின்றார்கள். சீட்டைப் பற்றி அந்தத் தரப்பில் வந்த சாட்சியம்: கிட் சொல்லிக் கேட்டதுண்டு, பார்த்ததில்லை. கொள்ளையோடு கொலைக் குற்றமும் சேர, மே 23 அன்று தூக்கு. சீட்டுகள் இருநூறு ஆண்டு கழித்து லண்டன் அரசு ஆவணங்களுக்குள்ளிருந்து வெளிப்பட்டன.

பார்க்கவில்லை என்ற பேச்சில் பொய் இல்லாமலே இருக்கலாம். தவறு, அதை இல்லை என்று படித்தவர்களுடையது. நம் தத்துவ நூல்கள் இந்த இடத்தில் வெகு கறார். காண்டல், கருதல், உரை என்ற அறியும் வழிகளோடு, இல்லாமையை அறியும் அபாவத்தையும் சிவஞான சித்தியார் பேசுகிறது. ஒன்றைக் காணாததால் அது இல்லையென்று தீர்க்க, மீமாம்சகர் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வெளிச்சத்தில் வெறுந்தரையைப் பார்த்துக் குடம் இல்லை எனலாம்; இருட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. கேப்டன் பூட்டிவைக்கும் காகிதம் மாலுமிக்கு இருட்டில் இருக்கும் குடம்தான்.

பரங்கிமலையோடு மரபு இணைத்துச் சொல்லும் சீடர் தோமாவும் இயேசுவின் காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்றார். உயிர்த்தெழவே இல்லை என்று தீர்ப்பு எழுதவில்லை.

"கடவுளைப் பார்த்தாயா?" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, இருந்தால் கண்ணுக்குத் தெரிந்தே ஆகவேண்டிய பொருளா அது என்பதுதான். இந்தக் கத்திக்கு மறுபக்கமும் கூர் உண்டு. கூப்பிட்ட குரலுக்கு எங்கள் சாமி நேரில் வரும், வேண்டியவருக்கெல்லாம் நோய் தீரும் என்று சொல்லும் பக்தர், தம் தெய்வத்தைத் தாமே வெளிச்சத்தில் கொண்டுவந்து வைக்கிறார். அங்கே தரை வெறுமையாக இருந்தால் அது சாட்சியம்தான். கண்ணுக்கு எட்டாதவன் என்று வாதத்தில் சொல்லிவிட்டு, பிரசாரத்தில் கண்கண்ட தெய்வம் என்பவரைக் குறுக்கு விசாரணை செய்ய எவருக்கும் உரிமை உண்டு.