இருமலுக்கு இரக்கம், இரத்தத்திற்கு இழிவா?

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் பாதையிலே இருக்கிறது உத்தனப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் எல்லைப்புற ஊர். தக்காளியும் மலரும் விளையும் வட்டாரம். இன்று ஆலைத் தொழிலாளரும் குடியேறிவிட்ட வட்டாரம்.

இங்கே ஒரு சிற்றறையில் ஐந்தாறு தொழிலாளர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவனுக்கு மூன்று வாரமாக இருமல். மாலையிலே காய்ச்சல், இரவிலே வியர்வை, உடலும் இளைக்கிறது. "காசநோயாக இருக்குமோ, பாவம்!" என்று பரிவு காட்டுகின்றனர் உடனிருப்போர். நல்ல உள்ளம்! ஆனால், அவன் குருதியிலே எச்.ஐ.வி.யும் இருக்கிறது என்பது தெரியட்டும். பரிவு பறந்துவிடும், அவன் பாயும் தட்டும் வெளியே வந்துவிடும்.

நாம் கேட்கிறோம்: உடல் ஒன்று, மனிதன் ஒருவன். ஒரு நோய்க்கு இரக்கம், மற்றொன்றுக்கு இழிவு! இது எந்த நீதி?

வேடிக்கையைப் பாருங்கள். அடைபட்ட அறையிலே காற்றின் வழியே பரவக்கூடியது காசநோய்தான். எச்.ஐ.வி. பாயினால் பரவாது, தட்டினால் பரவாது, தொடுவதாலும் பரவாது. எதற்கு அஞ்சுவது என்பதைக்கூட அறிவிடம் கேட்காமல், பழிச்சொல்லிடம் கேட்கிறார்கள்!

அறிவு கூறுவது என்ன? காசநோய்க் கிருமி பலர் உடலிலே உறங்கிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட நூறு பேரிலே, வாழ்நாள் முழுவதிலும் நோயாளி ஆகிறவர் ஐந்து முதல் பத்துப் பேர்தான். எச்.ஐ.வி.யோ, காவல் நிற்கும் சி.டி.4 வெள்ளணுக்களை அழிக்கிறது. காவல் தளர்ந்ததும் உறங்கிய கிருமி விழிக்கிறது. விழித்த காசநோய் உடலைக் கிளறிவிட, எச்.ஐ.வி. மேலும் பெருகுகிறது. ஒன்று கதவைத் திறக்க, மற்றொன்று வீட்டையே கொளுத்துகிறது! போதாக்குறைக்கு, காவலிழந்த உடலிலே சளிச் சோதனையும் மார்புப் படமும் சில வேளை நோயைக் காட்டாமலே போய்விடும். உலகெங்கும் எச்.ஐ.வி. உடையோர் உயிரைப் பறிப்பதில் முதலிடம் காசநோய்க்கே.

தொற்றும் வழியிலும் இதே கூட்டுறவுதான். மேகநோய்ப் புண்ணோ, பிறப்புறுப்பில் அக்கியோ இருந்தால், எச்.ஐ.வி. நுழைவதற்கு வாயில் திறந்தே இருக்கிறது. அது தேடும் வெள்ளணுக்களும் புண்ணைச் சுற்றித் திரண்டு நிற்கின்றன. வெட்கப்பட்டு மறைத்த சிறு புண், பெரு நோய்க்குப் பாதை வகுத்துவிடுகிறது.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிலே சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அன்றுதான் வெளிப்பட்டது. அது மேனாட்டு நோய், நம் பண்பாடே நமக்குக் கவசம் என்று பேசியவர்கள் திகைத்தனர். 1928-ல் காசநோயாளருக்கென எழுந்த தாம்பரம் மருத்துவமனையோ, 1990-களில் எச்.ஐ.வி. உடையோருக்கும் படுக்கை விரித்தது. இரண்டு நோயும் ஒரே உடலில் வந்து நின்றபோது, ஒன்றை ஏற்று மற்றொன்றை விரட்டுவது எப்படி? 2004 ஏப்ரலில் மைய அரசு இலவசக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கியபோது, முதலில் வழங்கிய மருத்துவமனைகளிலே தாம்பரமும் ஒன்று.

"ஒழுக்கம் தவறியவனுக்கு வந்த தண்டனை அல்லவா?" என்பார் சிலர். கணவனையன்றி எவரையும் அறியாத மனைவி செய்த குற்றம் என்ன? கருவிலே தொற்றுப் பெற்ற குழந்தை எந்த ஒழுக்கம் தவறிற்று? முன்வினை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்களோ! இதோடு நிற்கவும் நமக்கு மனமில்லை. குற்றமற்றவருக்கு மட்டுமே இரக்கம் என்றால், அது இரக்கமன்று. நன்னடத்தைக்குத் தரும் பரிசு. தவறியவனும் மனிதன்தான். கால் தவறிக் கிணற்றில் விழுந்தவனிடம், ஏன் அந்தப் பக்கம் போனாய் என்று விசாரித்த பிறகா கயிறு வீசுவோம்?

அந்த விசாரணைக்கு அஞ்சித்தான் பலர் சோதனைக்கே போவதில்லை. காசநோயாளி ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. சோதனை, எச்.ஐ.வி. உடையோர் ஒவ்வொருவருக்கும் காசநோய்ச் சோதனை: இது மருத்துவ விதி. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களிலே சோதனை இலவசம்; முடிவு மறைவாகக் காக்கப்படும். காசநோய் மருந்தால் குணமாகும். எச்.ஐ.வி. குணமாகாது, ஆனால் நாள் தவறாத மருந்தால் அடங்கும். குருதியிலே காணமுடியாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவின் வழியாகப் பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. வேலையிலும் வீட்டிலும் மருத்துவத்திலும் இவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2017-ல் சட்டமும் பிறந்து, 2018 முதல் நடப்பில் இருக்கிறது.

மருந்து இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இடையே குறுக்கே நிற்பது பழிச்சொல். இரு நோய்களோடு சேர்ந்துகொண்ட மூன்றாவது தொற்று அது. அதைப் பரப்புகிறவர்கள் நோயாளிகள் அல்லர், நாம்தான்.

அந்தச் சிற்றறைக்குத் திரும்புவோம். சன்னலைத் திறந்து வைக்கட்டும் நண்பர்கள். பாயை வெளியே வீச வேண்டாம். நாளை ஒருவேளை ஊதியம் போனாலும் போகட்டும் என்று, மருத்துவமனை வரையில் அவனுடன் ஒருவர் செல்லட்டும். தாங்களும் சோதித்துக்கொள்ளட்டும். ஒழுக்கம் பற்றிப் பேச விரும்புவோர், அங்கிருந்து தொடங்கலாம்.