மல்லாரியும் க்ஷணிகவாதமும்

தஞ்சை நாயக்க மன்னர் விஜயராகவர், 17-ஆம் நூற்றாண்டில், இரண்டு பெரிய காரியங்களுக்குக் காரணமாக இருந்தார். மன்னார்குடி ராஜகோபாலஸ்வாமி கோயிலை, மதிலழகு என்று பழமொழி புகழும் வண்ணம் விரிவாக்கியது ஒன்று. வேங்கடமகியைக் கொண்டு 'சதுர்தண்டிப் பிரகாசிகை' என்னும் சங்கீத சாஸ்திர நூலை இயற்றுவித்தது மற்றொன்று. ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் அசையாமல் நிறுத்தி, ஏனைய ஸ்வரங்களின் பேதங்களைக் கோத்து, ஆறை ஆறால் பெருக்கி, மத்தியமத்தின் இரு வகையால் அதை மீண்டும் பெருக்கி, மேளங்கள் 72 என்று அறுதியிட்ட அந்தப் பண்டிதர், இத்தொகையில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ பரமசிவனாலும் ஆகாது என்று மார்தட்டிக் கொண்டார். கணக்கில் பிழையில்லை. ஆயினும், தம் காலத்து வழக்கில் உள்ளவை என்று அவரே எடுத்து விவரித்த மேளங்கள் 19 மட்டுமே. எஞ்சிய 53-ம் ஏட்டில் இருந்தன, எவர் காதிலும் இல்லை. ஏட்டுக்குள் அடங்கிய ஒலி எந்த இடத்தில், எதனால், சங்கீதமாகிறது என்னும் கேள்வியை வித்வான்கள் சாஸ்திர விஷயம் என்று கருதலாம். எனக்கு அது தத்துவ விஷயமாகவே படுகிறது.

ஜடப்பொருளே நமக்குப் பாதி வழி துணை வருகிறது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். ஒரு தந்தியை முழு நீளத்தில் மீட்டினால் பிறக்கும் ஒலியை ஷட்ஜமமாகக் கொண்டால், அதே தந்தியின் மூன்றில் இரண்டு பங்கு பஞ்சமத்தைத் தரும். பாதி, மேல் ஷட்ஜமத்தைத் தரும். சிலப்பதிகார காலத்தார் குரல் என்றும் இளி என்றும் வழங்கிய இவ்விரண்டின் உறவு, கேட்பதற்கு மனிதன் தோன்றுமுன்பே உலகில் இருந்ததுதான். தோற்கருவியின் நிலை இன்னும் வியப்பானது. வெறும் தோலைத் தட்டினால் எழும் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாத கலவை ஓசையாகவே இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில், சோற்றோடு கல்பொடியைப் பிசைந்து அடுக்கடுக்காக அப்பிய கரணை, அந்த அதிர்வுகளை ஒழுங்குபடுத்தித் தந்தியின் ஒலிகளைப்போல் ஒன்றுக்கொன்று இணங்கச் செய்கிறது என்பதை 1920-இல் ஸர் சி. வி. ராமன் விளக்கினார். (நெல் விளையும் சீமையில் சோற்றுக்கு இப்படியும் ஓர் உத்தியோகம்!)

இதற்கு மேல் ஜடம் வராது. ஆரபியும் தேவகாந்தாரியும் ஒரே ஆரோகணத்தையும் ஒரே அவரோகணத்தையும் உடையவை. எழுத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்க வழியே இல்லை. இருந்தும், தேவகாந்தாரி நிதானித்து அசைந்து வருகிற விதத்தையும், ஆரபி துள்ளி நேராக ஏறுகிற விதத்தையும் ஒருமுறை கேட்டுப் பழகிய காது பிறகு மயங்குவதில்லை. ஆகவே ஸ்வரங்களின் கூட்டமே ராகம் என்று சொல்லி முடித்துவிட முடியாது.

சாஹித்யத்தின் பொருள்தான் ஒலியை உயர்த்துகிறது என்று சொல்வாரும் உண்டு. பக்திமான்களில் பலர் அப்படியே நம்புகிறார்கள். அவர்களுக்கு விடை மன்னார்குடியிலேயே இருக்கிறது. பெருமாள் புறப்பாட்டின்போது, தவில் முழங்கியதும், நாகஸ்வரத்தில் கம்பீரநாட்டையில் எழுகிற மல்லாரிக்குச் சாஹித்யமே கிடையாது. அதில் ஒரு திருநாமம்கூட இல்லை. ஆனாலும் அதைக் கேட்டவுடன் கூட்டத்தில் உள்ளவர்கள் தாமாகவே கை குவிக்கிறார்கள். இவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்த கொன்னக்கோல் பக்கிரியா பிள்ளை, காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையின் 'புல் பெஞ்ச்' கச்சேரிகளில் அமர்ந்து, அகராதியில் இடம்பெறாத சொற்கட்டுகளை வாயால் உதிர்த்தே சபையைக் கட்டிப்போட்டவர். பொருள் என்னும் சுமையை இறக்கி வைத்த பிறகும் சங்கீதம் குறையாமல் நிற்குமானால், அதன் வேர் வேறிடத்தில் இருக்க வேண்டும்.

அந்த இடத்தைக் காலத்தில்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி. கம்பீரநாட்டையை எந்த ஒரு க்ஷணத்தில் பிடித்துப் பார்த்தாலும் அங்கே இருப்பது ஒரே ஓர் ஒலி. அதற்கு முந்தியது அழிந்துவிட்டது, அடுத்தது பிறக்கவில்லை. முழு ராகம் எந்தக் க்ஷணத்திலும் உலகில் இருந்ததில்லை. மல்லாரியைக் காலம் மாற்றி மூன்று வேகங்களில் வாசிக்கையில், முதற் காலத்தின் நடையை நெஞ்சில் தாங்கி, அது சமத்தில் வந்து விழப்போகும் நொடியை எதிர்பார்த்து நிற்பவனுக்கே அது மல்லாரி. சென்றதை விட்டுவிட்டு வருவதை எதிர்நோக்காமல் நிற்பவனுக்கு அது உரத்த சத்தம்.

இங்கே ஒரு பழைய வழக்கு மறுவிசாரணைக்கு வருகிறது. ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புத்ததத்த தேரர், வினயவினிச்சயம் என்னும் பாலி நூலைச் சோழநாட்டுப் பூதமங்கலத்து விகாரையில் தங்கி எழுதினார். அவ்வூர் மன்னார்குடி வட்டாரத்துப் பூதமங்கலமே என்று ஆராய்ச்சியாளர் கொள்வதுண்டு. அவர் சார்ந்த அபிதர்மக் கொள்கைப்படி, உள்ளம் என்பது க்ஷணந்தோறும் தோன்றி மறையும் சித்தங்களின் ஒழுக்கு; நிலைத்த அறிபவன் ஒருவன் இல்லை. ஆதிசங்கரரோ, பிரம்ம சூத்திர பாஷ்யத்தில், நேற்றுக் கண்டதை இன்று நினைவுகூர்பவன் ஒருவனாக இருந்தாலன்றி நினைவே கூடாது என்று வாதிட்டுக் க்ஷணிகவாதத்தை மறுத்தார். மல்லாரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அது யார் பக்கம் பேசும்? பௌத்தர் தோற்றுவிடுகிறார் என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல நான் துணியேன். ஒரு சித்தம் தன் வாசனையை அடுத்த சித்தத்திடம் ஒப்படைத்துவிட்டு மறைகிறது, ஸ்வரங்களின் நினைவும் அவ்வாறே கைமாறி வருகிறது என்பது அவர் விடை, அதில் நயம் உண்டு. ஆனால் கைமாறி வந்த பத்து ஸ்வரங்களை, பத்தாக எண்ணாமல் ஒரே ராகமாக அனுபவிக்கும் ஒருமை எவருடையது என்று கேட்டால், அந்த விடை தடுமாறுகிறது. அந்த ஒருமைக்கு ஆத்மா என்று பெயரிட வேதாந்தி விரைகிறார்; அது நித்தியமானது என்பது மல்லாரியால் நிரூபணமாகவில்லை. கேட்கும் நேரமளவாவது அது சிதறாமல் நிற்கிறது என்பது மட்டும் நிரூபணமாகிறது.

நாதமே பிரம்மம் என்னும் வாக்கியத்தையும் இந்த வெளிச்சத்தில் வைத்தே நான் ஏற்கிறேன். சங்கீத ரத்னாகரம் செய்த சார்ங்கதேவர், தட்டாமல் எழும் அநாஹத நாதத்தை முனிவர்கள் உபாசிக்கட்டும், அதில் ரஞ்சகம் இல்லாமையால் உலகத்தாருக்கு அது இன்பமாகாது என்று சொல்லிவிட்டு, தட்டி எழுப்பும் ஆஹத நாதத்துக்கே தம் நூலை ஒதுக்கினார். அது அடக்கமான முடிவு, சரியான முடிவும்கூட. பக்தியில்லாத சங்கீத ஞானம் நல்வழியாகாது என்று தன்யாசியில் கீர்த்தனம் செய்த தியாகராஜரும், பக்தியை வாயின் சொல்லாக மட்டுமன்றி, மனம் ஒன்றில் கூடி நிற்கும் நிலையாகவும் கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். கேட்பவனுடைய மனம் சிதறிக் கிடக்கையில், வாசிப்பவர் எவ்வளவு பெரிய வித்வானாயினும் அங்கே ஒலிதான் உண்டு.

மன்னார்குடியில் பங்குனி உற்சவம் 18 நாள் நடக்கிறது. தரிசனத்துக்கு முண்டியடிக்கும் அன்பர்கள், அதில் ஒரு நாளாவது, நாகஸ்வரக்காரர் பக்கமாக ஒதுங்கி நின்று, மல்லாரி முடியும்வரை பேச்சை நிறுத்திக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.