ஏழாம் வகுப்பின் கழித்தல் குறி

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்ததும் பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்கள் ஒரு பட்டியல் எடுப்பார்கள். 35-க்குக் கீழே நிற்கும் பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருக்கும். ‘மெல்லக் கற்போர்’ என்பது பதிவேட்டில் அவர்களுக்குத் தரப்படும் பெயர். ஜனவரியிலிருந்து மாலையில் சிறப்பு வகுப்பு, அடுத்தடுத்துத் திருப்புதல் தேர்வு, கையேடு, மாதிரி வினாத்தாள். பிறகு பொதுத்தேர்வு. இந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் 20 மதிப்பெண்ணில் நிற்கும் ஒரு பிள்ளையை 35-க்கு மேலே கொண்டுவர முடியுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். முடியும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் இப்போது பரவலாக நடக்கும் வழியில் அது பாதிப் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பதில்லை. கைகொடுத்தவர்களுக்கும் அது கணக்கைக் கற்றுத் தருவதில்லை.

அந்த வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். வினாத்தாள் மொத்தம் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண்ணில் 14 கேட்டு 10 எழுதச் சொல்வார்கள், ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே. கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், இன்னொன்று வரைபடம். இரண்டுக்கும் ‘அல்லது’ உண்டு. வரைவது இரண்டும் சேர்ந்து 16, ஒரு மதிப்பெண் 14, ஆக 30. மேற்கொண்டு மூன்று இரண்டு மதிப்பெண் வினாக்கள் தேறிவிட்டால் பாஸ். ஆகவே சிறப்பு வகுப்பு முழுக்க வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, வரைபடம், பாடத்தின் பின்னால் இருக்கும் ஒரு மதிப்பெண் என்றே ஓடுகிறது.

இந்தக் கணக்கைப் போடும் ஆசிரியரை நான் குறைசொல்ல மாட்டேன். ‘கணக்குல போயிடுச்சு’ என்ற ஒரு சொல்லோடு படிப்பு முடிந்துபோகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிளஸ் ஒன்னுக்கும் பாலிடெக்னிக்குக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். துணைத்தேர்வு இருக்கிறது என்று நாம் சொல்லலாம். ஆனால் தோற்ற பிள்ளை அந்தச் சில வாரங்களுக்குள் ஒரு பட்டறையிலோ துணிக்கடையிலோ வேலைக்குப் போய்விட்டால், திரும்பி வந்து தேர்வெழுத யார் அனுப்பப்போகிறார்கள்? அந்த 35 ஒரு பிள்ளையின் அடுத்த பத்தாண்டைத் தீர்மானிக்கக்கூடும். அதை வாங்கித் தர உழைப்பது மதிக்கத்தக்க வேலை.

என் கவலை வேறு. கட்டாயம் கிடைக்கும் என்று நாம் எழுதிவைத்துக்கொள்ளும் அந்த 16 மதிப்பெண்ணே பல பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. ஏன் என்று விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

y = x² + x − 2 என்ற வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். −4 முதல் 4 வரை x-க்கு மதிப்புக் கொடுத்து அட்டவணை போட வேண்டும். நான் பார்த்த ஒரு மாணவியின் தாளில் அட்டவணைக் கட்டம் ஸ்கேல் வைத்து அழகாகப் போட்டிருந்தது. அச்சுகள் சரி, அளவுத்திட்டம் வலப்பக்க மேல் மூலையில் எழுதியிருந்தது. x நேர் எண்ணாக இருக்கும் பக்கத்தில் 0, 4, 10, 18 என்று எல்லாம் சரி. குறை எண் பக்கத்தில் −3-ஐ வர்க்கப்படுத்தி −9 என்று எழுதியிருந்தாள். அதோடு −3, அதோடு −2, ஆக −14. அங்கே வர வேண்டியது 4. இப்படியே −4-க்கு −22, −2-க்கு −8, −1-க்கு −4. புள்ளிகளை வைத்தால் இடப்பக்கம் கோடு மேலே ஏறாமல் கீழே சரிந்துகொண்டே போகிறது. ஆனால் வரைபடம் கிண்ணம் மாதிரி வர வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம். வைத்த புள்ளிகளை ரப்பரால் அழித்துவிட்டு, அட்டவணைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு கிண்ணத்தை வரைந்து வைத்திருந்தாள். படம் தப்பாக வந்தது அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே தப்பியது என்று தேடிப் பார்க்கும் வழிதான் அவளிடம் இல்லை.

இது பத்தாம் வகுப்புப் பிழையே அல்ல. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்குவது ஏழாம் வகுப்புப் பாடம். அன்று விட்டது, மூன்று ஆண்டு கழித்து எட்டு மதிப்பெண் வினாவில் வந்து நிற்கிறது. அவளிடம் கேட்டால் ‘மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ்’ என்று பளிச்சென்று சொல்லுவாள். −5 −3 என்று கொடுத்தால் அதே வாய்ப்பாட்டைச் சொல்லி 8 என்றும் எழுதுவாள். வர்க்கம் என்பது அதே எண்ணை அதே எண்ணால் பெருக்குவது என்பதும், −5 −3 என்பதில் பெருக்கலே கிடையாது என்பதும் அந்த ஒரு வரி மனப்பாடத்துக்குள் இல்லை.

ஒரு மதிப்பெண் வினாக்களிலும் இதே கதிதான். ‘இ’, ‘ஆ’, ‘ஈ’ என்று எழுத்தை வரிசையாகப் படித்துக்கொண்டு போகும் பிள்ளைகள் உண்டு. தேர்வில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும். தெரிவுகளின் வரிசை கொஞ்சம் மாறியிருந்தாலும், ஓர் எண்ணை மாற்றிக் கேட்டிருந்தாலும் கட்டிய கோட்டை இடிந்துவிடும்.

2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இவர்கள் நான்காம் வகுப்பின் கடைசியில் இருந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் தமிழ்நாட்டில் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஆறாம் வகுப்பில் ஏறக்குறையப் பாதியும் இவர்களுக்கு வகுப்பறை கிடையாது. பின்னமும் தசமமும் கைக்குப் பழகி, குறை எண் அறிமுகமாகும் வயது அது. 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது, தன்னார்வலர்கள் மாலையில் தெருவிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பல பிள்ளைகளுக்கு மறுபடி புத்தகத்தைத் தொட வைத்தது அந்த ஏற்பாடுதான். 2022-இல் அடிப்படை எழுத்தையும் எண்ணையும் உறுதிசெய்ய எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. தொடக்கத்தில் அது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கானது. இவர்கள் அப்போது ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். இந்தப் பிள்ளைகளை மந்தம் என்று சொல்லும் வாய், அந்த ஒன்றரை வருடத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்ற விதியைப் பலர் இங்கே இழுப்பார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் கொண்டுவந்தது அது. ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றது சரி என்பதே என் கருத்து. பத்து வயதுப் பிள்ளையைத் தோல்வி என்று முத்திரை குத்தி அதே வகுப்பில் உட்கார வைத்தால் பின்னம் வந்துவிடாது. ஆனால் மேல் வகுப்புக்கு அனுப்பும்போது, இந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று ஒரு வரி எழுதி அடுத்த ஆசிரியர் கையில் கொடுத்திருக்கலாமே. சட்டம் அதைத் தடுக்கவில்லை.

அந்த வரி இல்லாததால் பிள்ளையே அதை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து “புரிஞ்சுது சார்” என்கிறது. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து நோட்டில் எழுதும்போது ஒரு பிழையும் இருக்காது. வீட்டில் நோட்டைப் பார்த்தவர்களுக்குப் பிள்ளை நன்றாகப் படிப்பதாகத்தான் தோன்றும். பதினைந்து வயதில், நாற்பது பேர் நடுவே எழுந்து “பின்னம் கூட்டத் தெரியாது சார்” என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று பெரியவர்களான நாம் யோசிப்பதில்லை.

சரி, ஜனவரியில் என்னதான் செய்வது? முதலில் அரையாண்டு விடைத்தாளை எடுத்து ஒவ்வொரு பிழையும் எந்த வகுப்புக்கு உரியது என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். பாடவாரியாகப் பிரிப்பதால் பயனில்லை, வகுப்புவாரியாகப் பிரிக்க வேண்டும். பிறகு பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, மதிப்பெண் போடாமல், ஐந்து கணக்கு கொடுங்கள்: −7 + 3, −5 − 3, (−4) × (−6), 2/3 + 1/4, 3(x − 2) − 2(x + 1). பத்து நிமிடம் போதும். எங்கே நின்றுவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், அதைவிட முக்கியமாகப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

அடுத்த இரண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் அங்கேயே செலவிட வேண்டும். பெருக்கலில் குறி மாறுவதை வாய்ப்பாடாகச் சொல்லித் தராதீர்கள். 3 × −3 = −9, அதன் கீழே 2 × −3 = −6, அதன் கீழே 1 × −3 = −3, பிறகு 0 × −3 = 0 என்று பிள்ளையின் கையாலேயே எழுதவிடுங்கள். ஒவ்வொரு படிக்கும் விடை மூன்று மூன்றாகக் கூடுகிறது. அடுத்த படி −1 × −3. அங்கே 3 தவிர வேறெதுவும் வர வழியில்லை என்று பிள்ளையே சொல்லும். அப்படிச் சொன்ன பிள்ளை (−3)²-இல் மறுபடி தவறினாலும், தானே திருத்திக்கொள்ள ஒரு பிடி அதன் கையில் இருக்கும்.

பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு ஏழாம் வகுப்புக் கணக்குப் போட்டால் போர்ஷன் என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. புத்தகத்தில் எட்டுப் பாடம் இருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு உடைந்திருக்கும் இடம் எட்டு அல்ல, பெரும்பாலும் மூன்று நான்குதான்: குறி, பின்னம், அடைப்புக்குறி, வாய்ப்பாடு. குறி சரியானால் வரைபடத்தின் அட்டவணை சரியாகும். அதோடு அணிகளின் பெருக்கல், ஆயத்தொலை வடிவியலில் முக்கோணத்தின் பரப்பு, சார்பில் மதிப்புப் போட்டு வீச்சகம் காண்பது எல்லாமே கைக்கு வரும். இவற்றிலெல்லாம் புதிய யோசனை கொஞ்சம்தான், மீதி வெறும் கூட்டலும் பெருக்கலும். பின்னம் சரியானால் நிகழ்தகவும் சாய்வும் திறக்கும். ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் படிப்படியாக மதிப்பெண் உண்டு என்பதால், இறுதி விடை தவறினாலும் போட்ட படிகளுக்கு ஏதாவது கிடைக்கும். ஒரு படியும் தொடங்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த ஏதாவதும் இல்லை. வடிவியல் வரைதலை விடச் சொல்லவில்லை. அதைத் தினமும் கால் மணி நேரம், காம்பஸையும் ஸ்கேலையும் பிள்ளையின் கையில் கொடுத்து, கூடவே நடத்திக்கொண்டு போகலாம்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஜனவரியில் புதிதாக டியூஷன் சேர்ப்பதற்கு முன், அங்கே என்ன நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். பள்ளியில் காலையில் நடத்திய அதே கணக்கை மாலையில் இன்னும் வேகமாக நடத்துகிறார்கள் என்றால், உங்கள் பிள்ளை பார்த்து எழுதும் நோட்டு இரண்டாகும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் அக்காவோ அண்ணனோ பொறுமையாகப் பின்னம் சொல்லிக்கொடுத்தால் அதைவிடப் பலன் அதிகம். திட்டாமல் இருப்பது இன்னும் அதிகம். சொல்ல வெட்கப்படும் ஒன்றைச் சொன்னதற்காக அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை சொல்லாது.

இப்படிச் செய்த எல்லாரும் தேறிவிடுவார்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆறேழு வருட விடுபடலை இரண்டு மாதம் முழுதாக நிரப்பாது. சிலர் 30-இல் நிற்பார்கள். ஆனால் அவர்கள் துணைத்தேர்வுக்குப் படிக்கும்போது கையேட்டை முதலிலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த ஐந்து கணக்கை ஜூனில், ஒன்பதாம் வகுப்பின் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளைகளுக்குக் கையில் இரண்டு மாதம் அல்ல, ஏறக்குறைய இரண்டு வருடம் இருக்கும். அதற்குத் தனி நிதி வேண்டாம், கையேடும் வேண்டாம். பாடத்தைத் தொடங்க ஒரு வாரம் தள்ளிப்போனால் பரவாயில்லை என்று தலைமையாசிரியர் ஒருவர் தன் கணக்கு ஆசிரியரிடம் சொன்னால் போதும்.