பிள்ளை மனமும் பெருமான் அருளும்

யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் இருந்து கிழக்குக் கரையோரமாக நடந்து வரும் கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள், பொத்துவில், அறுகம்பே, பாணமை கடந்து உகந்தை மலை முருகன் சந்நிதியை அடைகின்றனர். அங்கே தங்கி, பின் குமண, யால காடுகளூடாகக் கதிர்காமம் செல்கின்றனர். வழிநெடுக அவர்கள் ஒருவரையொருவர் அழைப்பது 'சாமி' என்ற ஒரே சொல்லால்தான். எழுபது வயது மூதாட்டியும் சாமி, அவரது கையைப் பிடித்து நடக்கும் ஏழு வயதுப் பேரனும் சாமி. ஊர் எது, குலம் எது, தொழில் எது என்று அங்கு எவரும் விசாரிப்பதில்லை. காலில் முள் குத்தினால் முன்பின் தெரியாதவர் குனிந்து எடுத்து விடுகிறார். ஆனால் கொடியேற்றம் கண்டு, தீர்த்தமாடி, பேருந்தில் ஏறி ஊர் திரும்பியதும் அந்தச் 'சாமி' எங்கோ மறைந்து போகிறார். பழைய கணக்கும் பழைய கதையும் திரும்பவும் தொடங்கி விடுகின்றன. ஏன் இப்படி?

காட்டில் இருந்தது பிள்ளை மனம். வீட்டுக்கு வந்ததும் வருவது தீர்ப்புச் சொல்லும் மனம்.

பிள்ளை மனம் என்றதும் அது அறியாமை என்று எண்ணிவிடலாகாது. விளைவறியாமல் நடக்கும் பிள்ளைத்தனம் வேறு. கள்ளமின்றி எவரையும் ஏற்கும் பிள்ளை மனம் வேறு. காலையில் சண்டை பிடித்த சிறுவர் இருவர் மாலையில் ஒரே மாங்காயைக் கடித்துத் தின்பதை எந்த ஊரிலும் காணலாம். பெரியவர்கள் சண்டை பிடித்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சில்லை!

கிழக்கிலங்கைக் கோயில்களில் படிக்கப்பெறும் கந்தபுராணத்தை ஊன்றிக் கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். அதில் தவறு செய்த இருவர், ஒரே தவறைத்தான் செய்தார்கள். கயிலைக்கு வந்த பிரமதேவர், முருகனைச் சிறுபிள்ளை என்று எண்ணி வணங்காமற் போனார். பிரணவத்தின் பொருள் சொல்லத் தெரியாமற் சிறைப்பட்டார். சூரபன்மனும் போருக்கு வந்தவனைச் சின்னப் பையன் என்றே இகழ்ந்தான். படைப்புக் கடவுளின் கல்வியும் அசுரனின் வலிமையும் கண்ணை ஒரே விதமாக மறைத்தன. சிவபெருமானோ அந்தப் பிள்ளையிடமே உபதேசம் கேட்டார். தந்தை மாணவரானதில் அவருக்கு எந்தக் குறைவும் நேர்ந்துவிடவில்லை. முடிவில் முருகன் சூரனுக்குச் செய்தது என்ன? வேலால் பிளந்தவனை மயிலாகவும் சேவலாகவும் தன்னிடமே வைத்துக்கொண்டார். பகைவன் வாகனமானான், கொடியானான்.

இனி, சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திற் பாடிய கண்ணப்ப நாயனார் வரலாறு. உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணன், பன்றி வேட்டைக்குப் போன இடத்திலே காளத்தி மலையிற் குடுமித்தேவரைக் கண்டான். கண்டதும் அவனுக்கு வந்த கவலை வினோதமானது. கரடியும் புலியும் திரியும் காட்டில் இவர் தனியே இருக்கிறாரே, பசித்தால் யார் கொடுப்பார்? இறைவனுக்குப் பசிக்குமா என்று அவன் ஆராயவில்லை. இறைச்சியைச் சுட்டு, கடித்துச் சுவை பார்த்து, நல்லதை மட்டும் எடுத்தான். கை நிறைய வில்லும் அம்பும் இறைச்சியும் இருந்தபடியால் நீரை வாயிலும் பூவைத் தலைமுடியிலும் கொண்டு வந்தான். இரவெல்லாம் வில்லோடு கண் துஞ்சாமற் காவல் நின்றான்.

விடிந்ததும் பூசைக்கு வந்த சிவகோசரியார் எலும்பையும் இறைச்சியையும் கண்டு பதறினார். அவரைக் குறை கூறுவோர் உண்டு, அது சரியன்று. அவரும் மெய்யடியாரே. ஆகம விதிப்படி ஒழுகியவர் சந்நிதி அசுத்தமானதைக் கண்டு அழுததில் என்ன பிழை? அவர் அறியாதிருந்தது ஒன்றே: அதைச் செய்தவனின் உள்ளம். பெருமான் அவரைக் கோபிக்கவுமில்லை, தண்டிக்கவுமில்லை. கனவில் வந்து, மறைந்து நின்று பார் என்றார். ஆறாம் நாள் அவர் பார்த்தார். இறைவனின் வலக்கண்ணில் இரத்தம் வடிந்தது. திண்ணன் பச்சிலை தேடி ஓடினான், பிழிந்தும் நிற்கவில்லை. ஊனுக்கு ஊன் என்று தன் கண்ணையே அகழ்ந்து அப்பினான். மறுகண்ணிலும் இரத்தம் வந்தபோது, இடம் தெரியவேண்டுமென்று காலை ஊன்றிக்கொண்டு அடுத்த கண்ணுக்கு அம்பை எடுத்தான். பெருமானின் திருக்கரம் தடுத்தது. ஒளிந்து நின்ற சிவகோசரியார் இதை முழுவதும் கண்டார். முதல் நாள் எச்சிலை மட்டும் கண்டவர் அவர். ஆறாம் நாள் அன்பையும் கண்டார். இடைப்பட்ட நாட்களில் அவர் மனதுக்குள் எழுதிய தீர்ப்பு எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்!

கதிர்காமத்திலும் மண்டூரிலும் வாயைக் கட்டி மந்திரமின்றி நடைபெறும் பூசையைக் கண்டவர்களுக்குத் திண்ணனார் அந்நியரல்லர்.

இதே கரையில், காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரும் நினைக்கத்தக்கவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931இல் தமிழ்ப் பேராசிரியரானவர், மாலை வேளைகளில் அருகிலிருந்த திருவேட்களத்திற்குச் சென்று, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பேராசிரியர் அங்கே போகலாமா என்று முகம் சுளித்தவர்களுக்காக அவர் தம் நடையை மாற்றிக்கொள்ளவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. கோயிலும் பள்ளிவாசலும் பாடசாலையும் அகதி முகாம்களாயின. சோற்றுப் பார்சலை நீட்டிய கை தமிழருடையதா, முஸ்லிமுடையதா, சிங்களவருடையதா என்று பசித்தவர் பார்க்கவில்லை. அந்த மனம் அலை கொண்டு வந்ததன்று, முன்பே உள்ளே இருந்ததுதான்.

கோயில் வாசலிலும் அதற்கு வேலை உண்டு. வண்ணக்கர்மாரும் நிர்வாக சபையினரும் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். திருவிழா முடிந்து பொங்கலும் கடலையும் கொடுக்கும்போது, இரண்டாம் முறை கை நீட்டும் பிள்ளையை "நீ முதலே வாங்கினதுதானே, போ" என்று விரட்டுவது பல இடங்களில் நடக்கிறது. அந்தப் பிள்ளை, எழுந்து நடக்க முடியாமல் வீட்டில் கிடக்கும் அம்மம்மாவுக்காகக் கேட்டிருக்கலாம். யாருக்கு என்று கேட்டால் சொல்லிவிடும்.